வெள்ளைக் காரும் நாற்பத்து மூன்று டிரம்களும்

நீதியும் தங்கமும் ஒன்று. எத்தனை ஆயிரம் அடி ஆழத்தில் கிடந்தாலும், எத்தனை பாறை அதை மூடிக்கொண்டிருந்தாலும், தோண்டி மேலே கொண்டுவர ஒரு மனிதன் வந்தே தீருவான்.

இந்த மகத்தான உண்மையை உதிர்த்தபோது அந்த மனிதர், அதாவது தனியார் துப்பறிவாளர் தசரதன், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு வெள்ளைக் காருக்கும் வினோலியாவின் வீட்டுச் சுவருக்கும் நடுவே வயிறு மாட்டிக்கொண்டு நின்றார்.

"மூச்ச வெளிய வுடுங்க சார்," என்றாள் வினோலியா. "நீதி அப்பறமா வரட்டும். மொதல்ல வயிறு வரட்டும்."

தசரதன் மூச்சை விட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து டிரெயினேஜுக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சுலபமாக வெளியே வந்தார்.

மைன்ஸ் மூடும்வரை அவர் வாட்ச் அண்ட் வார்டில் இருந்தவர். ஷிப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்க லிப்டில், ஏறி வருகிறவர்களை நிறுத்தி, கக்கம், வாய், உள்ளங்கால் என்று தடவித் தங்கம் தேடுகிற வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸில் அவர் கைப்பற்றியவை இரண்டு கட்டு பீடியும் ஒரு அவித்த முட்டையும். இருந்தாலும் தேடுகிற கை சும்மா இருக்காதில்லையா? ரிட்டயரான பிறகு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். கார்டை அடித்துக் கொடுத்தது ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வினோலியா. அதை முழுசாகப் படித்த ஒரே ஆளும் அவள்தான் என்பதால் உதவியாளர் பதவி அவளுக்கே போனது.

இதுவரை வந்த கேஸ்களெல்லாம் காணாமல் போன கோழி, ஓடிப்போன மாப்பிள்ளை வகையறா. இந்த முறை கட்சிக்காரியே வினோலியாதான்.

வெள்ளைக் கார் பத்து நாளாக அவள் வாசலில் நிற்கிறது. விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிற எவனோ கொண்டுவந்து விட்டுப் போகிறான், ராத்திரி ரயிலில் வந்து எடுத்துப் போகிறான் என்று ஆரம்பத்தில் சும்மா இருந்தாள். சந்து குறுகல். கார் நின்றால் சைக்கிள் போகும், ஆடு போகும், வேன் போகாது.

போன செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. அவளுடைய அப்பா மேக்ஸ்வெல்லுக்குக் கோலாரிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவருகிற வேன். மேக்ஸ்வெல் மைன்ஸில் டிம்பர்மேன். பூமிக்குள்ளே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுத்தவர், அதில் இரண்டு விரல் நுனியையும் கொடுத்தவர். முப்பது வருஷம் சுவாசித்த கல்தூசு இப்போது நுரையீரலில் குடியிருக்கிறது. வேன் சந்து முனையிலேயே நின்றுவிட, வினோலியாவும் பக்கத்து வீட்டுத் தங்கம்மாவும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. பழைய சிலிண்டரின் முள் அதற்குள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. அப்பாவின் உதடு நாவல்பழம் தின்ற பிள்ளையின் வாய் மாதிரி ஆகிவிட்டது.

அந்த நாற்பது நிமிஷத்தை அவள் மறக்கவில்லை. நாற்பது நிமிஷத்துக்கும் தனித்தனியாகத் தண்டனை யோசித்து வைத்திருந்தாள். அவள் தோள்பையில் இப்போது இரண்டு கிலோ வெல்லம் இருந்தது, பெட்ரோல் டேங்குக்கு. கோணி ஊசி இருந்தது, நாலு டயருக்கு. எருமைச் சாணி வீட்டுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அது எதற்கு என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. எதற்காவது ஆகும்.

"மொதல்ல ஆளு," என்றார் தசரதன். "அப்பறம் வெல்லம். வண்டிக்குத் தண்டனை குடுத்தா வண்டிக்கு இன்னா தெரியும்?"

நியாயம்தான். ஆனால் ஆள்தான் அகப்படவில்லை. நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தால் பெங்களூர்க்காரர் ஒருவர் பெயர் வந்தது. அவரோ வண்டியை விற்று மூன்று வருஷமாச்சு, புரோக்கர் யாருக்குத் தள்ளினானோ தெரியாது என்று கன்னடத்தில் கத்தினார். மூன்று நாள் சாயங்காலத்திலிருந்து நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ரயில் வந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே அப்பாவுக்கு இருமல் பிடுங்கிக்கொள்ளும். அவள் பின்கட்டுக்கு ஓடி வெந்நீர் வைத்து எடுத்து வருவதற்குள் வாசலில் கார் இருக்காது.

"எங்கியோ நின்னு பாத்துகினே இருக்கான் சார், நான் எப்ப உள்ள போவேன்னு."

"பாக்கறான்," என்று தசரதன் தலையாட்டினார். "அதனாலதான் அவனுக்குத் தெரியாம சனிக்கிழமை மத்தியானத்துல வந்திருக்கோம். நீ கடையில இருப்பேன்னு நெனச்சுகினு இருப்பான்."

மணி இரண்டு. தூரத்தில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கும் சயனைட் மேட்டிலிருந்து காற்று சாம்பல் தூளை வாரிக்கொண்டு வந்து கூரைகளின்மேல் தூவிக்கொண்டிருந்தது. தசரதன் முழங்காலில் உட்கார்ந்து காருக்கு அடியில் பார்த்தார். பார்த்தவர் அப்படியே உறைந்துபோனார்.

"இன்னா சார், இடுப்பு புடிச்சுகிச்சா?"

"வினோலியா. மழை பேஞ்சு எத்தினி நாளாச்சு?"

"ஆச்சு ரெண்டு மாசம்."

"அப்ப இது இன்னா?"

காருக்கு அடியில் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தசரதன் விரலை வைத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"தண்ணி," என்று அறிவித்தார்.

"நல்ல வேளை. இந்தச் சந்துல எட்டு நாய் கீது சார்."

"சிரிக்காத. சில்லுனு கீது." அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முகத்தில் அவித்த முட்டையைக் கண்டுபிடித்த நாளின் வெளிச்சம். "விடிகாலையிலருந்து நிக்கற வண்டி. ஒம்போது மணி நேரமா வெயிலு. எதுனா ஒழுகி இருந்தாலும் காஞ்சிருக்கும். இது புதுத் தண்ணி. ஏசி தண்ணி! அரை மணி நேரத்துக்குள்ள எவனோ இந்த வண்டியில ஏசி போட்டு உக்காந்துகினு இருந்திருக்கான்."

வினோலியா குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். டிரைவருக்குப் பக்கத்து சீட் முழுசாகப் பின்னுக்குச் சாய்க்கப்பட்டிருந்தது. ஜம்மென்று படுத்திருக்கிறான்.

"அப்ப ரயில்ல போறவன் இல்ல."

"இல்லவே இல்ல. இந்தச் சந்துலயே, பட்டப்பகல்ல, இங்கியே கீறவன்."

"அப்ப செவ்வாக்கெழமையும்…"

"இங்கதான் இருந்திருக்கான். நீ சிலிண்டர் உருட்டறத பாத்துகினு."

வினோலியாவின் கை தானாகப் பைக்குள் போய் கோணி ஊசியைத் தொட்டது. ஊர் தெரியாத ஒருவன்மேல் இருந்த கோபம் வேறு. இது வேறு. தினம் முகம் பார்த்து "இன்னாம்மா, டாடி எப்படி கீறாரு" என்று கேட்கிற ஒருவன், தன் அப்பா மூச்சுக்குத் தவிக்கும்போது குளுகுளுவென்று படுத்திருந்திருக்கிறான். சாணி எதற்கு என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

தசரதன் அதற்குள் பின் சக்கரத்துக்குப் போயிருந்தார். சரிவில் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்தது. கல் அல்ல, மர ஆப்பு. அளவாகச் செதுக்கி, தலைப்பக்கம் மூன்று வெட்டு போட்ட ஆப்பு.

"கல்ல வெக்கறவன் ஊருக்காரன். ஆப்பு செதுக்கி வெக்கறவன் மைன்ஸ்காரன்," என்றார் தசரதன். முகர்ந்து பார்த்தார். "யூகலிப்டஸ் மரம்."

வினோலியா வாங்கி முகர்ந்தாள். "மரம் வேப்பமரம் சார். வாசனைதான் யூகலிப்டஸ்."

"அதான் சொல்றேன். கொலைகாரன் ரொம்பக் கெட்டிக்காரன்."

"கொலை எங்க சார் வந்துச்சு?"

"வர வேண்டியதுதான்," என்று தசரதன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். சந்திலேயே இருப்பவன். பகலில் வேலையில்லாதவன். பழைய மைன்ஸ்காரன். மேக்ஸ்வெல் வீட்டு நடமாட்டம் அத்தனையும் தெரிந்தவன். "இந்த நாலும் சேந்த ஆளு யாரு?"

இருவரும் ஒரே சமயத்தில் சந்தின் கடைசி வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்பராஜ் ஒரு காலத்தில் ஷிப்ட் பாஸ், ஒரு ஷிப்ட் ஆட்களையே மேய்த்தவர். ஊர் அதை மறந்தாலும் அவர் மறக்கவில்லை. இன்றைக்கும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மணி பார்த்துத்தான் உட்காருவார், எழுந்திருக்கும்போது யாரையாவது லேட் என்று திட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். சர்ச் கமிட்டித் தேர்தலில் மேக்ஸ்வெல்லிடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றவர். அந்த ஓட்டு தன் சம்சாரம் போட்டது என்று இன்றுவரை சந்தேகப்படுகிறவர்.

அவர்கள் போனபோது லுங்கியோடு உட்கார்ந்து ஆட்டுக்கால் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, மைன்ஸுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரருடன் அவர் நிற்கும் போட்டோ. போட்டோவில் வெள்ளைக்காரர் முழுசாக இருந்தார். இன்பராஜின் இடது தோள் மட்டும் இருந்தது.

"வாங்க. இன்னா விஷயம்?"

தசரதன் ஆப்பைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார். "இது உங்களுக்குச் சொந்தமா?"

இன்பராஜ் எலும்பைக் கீழே வைத்துவிட்டு ஆப்பை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஷிப்ட் பாஸ் எங்கோ போய்விட்டார்.

"ஷிப்ட் பாஸ் ஆப்பு செதுக்க மாட்டான்யா. அது அவன் வேலையில்ல. தலையில மூணு வெட்டு போட்டுகிறான் பாரு. எங்க லெவல்ல இந்த மாதிரி வெட்டறவன் ஒருத்தன்தான் இருந்தான்…"

"யாரு?" என்றாள் வினோலியா.

இன்பராஜ் அவளைப் பார்த்தார். பிறகு ஆப்பை அவள் கையிலேயே கொடுத்தார்.

"சாப்டியாம்மா?"

"அங்கிள், யாரு?"

"இத்தோட வுட்டுடும்மா. சொன்னா கேளு. நல்லதில்ல."

தசரதன் நோட்டுப் புத்தகத்தில் 'மிரட்டல்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். வெளியே வந்ததும் சொன்னார். "பாத்தியா? குரல் எறங்கிப் போச்சு. கண்ணு கலங்கிச்சு. குத்தவாளிக்குத்தான் அப்படி ஆவும்."

"ஆனா சாட்சி இல்லியே சார். வண்டியில கை வெக்கறப்ப புடிக்கணும்."

"எப்படி?"

வினோலியா பக்கத்து வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கம்மாவிடம் போனாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? இன்னிக்கு டேங்கர் முனையில நின்னு எங்க வாசலுக்குத்தான் பைப் வுடுதாம். ஒரே லோடாம்."

தங்கம்மா முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

சாம்பியன் ரீப்ஸில் தண்ணீர் டேங்கருக்குக் கியூ மனிதர்கள் நிற்பதில்லை, டிரம்கள் நிற்கும். டிரம் இல்லாதவர் பக்கெட் வைப்பார், அதுவும் இல்லாதவர் தன் அடையாளமாக ஒரு செங்கல் வைப்பார். வைத்தது வைத்ததுதான். இன்னொருத்தர் டிரம்மைத் தொட்டு நகர்த்திய குற்றத்துக்கு இந்த ஊரில் கல்யாணங்களே நின்றிருக்கின்றன. கால் மணி நேரத்தில் வெள்ளைக் காரைச் சுற்றி நீல டிரம்கள் வளைத்துக்கொண்டன. முன்னால் இரண்டு வரிசை, பின்னால் மூன்று, பக்கத்தில் ஒன்று. வினோலியா எண்ணினாள். நாற்பத்து மூன்று. பானெட்டின் மேல் யாரோ ஒரு குக்கர் மூடியையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தசரதன் வாய் பிளந்து நின்றார். "டேங்கர் வராதே?"

"வராது."

"அப்பறம் இந்தப் பொம்பளைங்க நம்மள சும்மா வுடுவாங்களா?"

"அது நாளைக்கு. இன்னிக்கு அவன் வண்டி எடுக்கணும்னா டிரம்ம நவுத்தணும். தொட்டான்னா இந்தச் சந்தே அவன் மேல பாயும். நான் தனியா ஏன் சார் பழி வாங்கணும்? நாப்பத்தி மூணு வூட்டோட வாங்கறேன்."

பக்கத்து வீட்டுக் கோழிக் கூண்டுக்குப் பின்னால் இருவரும் பதுங்கினார்கள். கோழிகளுக்குத் தசரதனைப் பிடிக்கவில்லை. நாலரை மணிக்கு இன்பராஜ் வெளியே வந்தார். அவர் டிரம்களைப் பார்த்தார், வீட்டுக்குள் போனார், ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து கியூவின் கடைசியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"நடிப்பு," என்றார் தசரதன்.

ஐந்து மணிக்கு, சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்தவன் மாதிரி, சந்து முனையில் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து இருக்கும். முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் பெங்களூர் கம்பெனி அடையாள அட்டை. காரைப் பார்த்ததும் நின்றான். டிரம்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். ஊர்ப் பையன்தான், ஒரு டிரம்மையும் தொடவில்லை.

"யார் சார் இவன்?"

"இன்பராஜோட ஏஜெண்டு," என்று தசரதன் கிசுகிசுத்தார்.

ஆனால் ஏஜெண்டு இன்பராஜ் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. டிரம்களுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து நேராக வினோலியாவின் வீட்டு ஜன்னலுக்குப் போனான். கம்பியில் விரல் மடக்கித் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

மைன்ஸ் வீட்டில் பிறந்தவளுக்கு இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கேஜ் மணி. மூன்று தட்டினால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம்.

வீட்டுக்குள்ளே, சிலிண்டர் இரும்பின் மேல் ஸ்பானர் பட்டது. ஒரே ஒரு தட்டு. அதற்கு அர்த்தம், நிறுத்து.

வினோலியா கையிலிருந்த ஆப்பைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். தினம் ராத்திரி அப்பா நெஞ்சில் அவளே தேய்த்துவிடுகிற யூகலிப்டஸ் தைலம்.

"அங்கிள்," என்றான் பையன் ஜன்னலைப் பார்த்து, தணிந்த குரலில். "சாவி குடுங்க அங்கிள். இன்னா இது, ஆச்சரியமா கீது. ஊரே டிரம்மு."

"மொள்ள பேசுடா ரூபேஷு. அவ இன்னிக்கு கடைய சீக்கிரம் மூடிட்டா. இங்கதான் எங்கியோ கீறா."

ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒரு கை வெளியே வந்தது. இரண்டு விரல்களுக்கு நுனி இல்லாத கை. அதில் கார் சாவி.

வினோலியா கோழிக் கூண்டைத் தாண்டி எழுந்து வந்தாள். சாவி கைமாறவில்லை. அந்தரத்திலேயே நின்றது.

"அக்கா," என்றான் ரூபேஷ். பக்கத்து மைசூர் மைன்ஸ் பகுதிக்காரன், தினம் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவன். "அங்கிள்தான் இங்க நிறுத்துன்னாரு அக்கா. சத்தியமா. நான் ஸ்டேஷன்லயே வுட்டுகினு இருந்தேன்."

"டாடி."

ஜன்னலுக்குள் மேக்ஸ்வெல்லுக்கு இருமல் ஆரம்பித்தது.

"இருமாதீங்க. வெந்நீ வெக்க மாட்டேன்."

இருமல் நின்றது. உடனே நின்றது.

"ஏசிம்மா," என்றார் மேக்ஸ்வெல். "மத்தியானத்துல மேட்டுத் தூசி வூட்டுக்குள்ள வந்துருது. எந்தத் துணிய கட்டினாலும் வருது. அந்த வண்டியில கண்ணாடிய ஏத்திட்டா தூசி இல்ல. அரை மணி நேரம்தான். குழாய் இல்லாமயே மூச்சு எறங்குதும்மா. உங்கிட்ட சொன்னா எவனோ வண்டியில போயி உக்காரணுமான்னு கத்துவ. பையன் சும்மா நிறுத்தறான், எனக்குச் சும்மா காத்து. ஹேண்ட்பிரேக்கு சரியில்ல, அதான் ஆப்பு ஒண்ணு வெட்டிக் குடுத்தேன்."

வினோலியா நின்றாள். நாற்பது தண்டனைகளும் அவளுக்குள் வரிசையாக, டிரம் மாதிரி நின்றன. எதை யார் தலையில் கவிழ்ப்பது என்று தெரியவில்லை.

பின்னாலிருந்து தசரதன் இறகுகளைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார். "எனக்கு அப்பவே தெரியும். ஆப்ப பாத்தவொடனே தெரியும். நீயா கண்ணால பாக்கணும்னுதான்…"

"அப்படியா சார்? நோட்டுல குத்தவாளி பேரு எழுதி வெச்சீங்களே, காட்டுங்க."

தசரதன் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் பிடுங்கித் திறந்தாள். மிரட்டல் என்ற வார்த்தைக்குக் கீழே 'இன்பராஜ்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு கத்தியின் படமும் இருந்தது.

தங்கம்மா வாசலில் வந்து நின்று இடுப்பில் கை வைத்தார். "ஏம்மா வினோலியா, டேங்கர் எப்ப வருது?"

வினோலியா ரூபேஷைப் பார்த்தாள். பிறகு தசரதனைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருவருக்கும் பிடிக்கவில்லை.

"டேங்கர் வரலக்கா. இவங்க ரெண்டு பேரும் கீறாங்க. கீழ லைன் வூடுங்ககிட்ட போர் கொழாயில தண்ணி வருதில்ல? எல்லா டிரம்மும் நெறையற வரைக்கும் கொடத்துல கொண்டாந்து ஊத்துவாங்க. அதுக்கப்பறம்தான் வண்டி நவுறும்."

"அக்கா, என் முதுகு…"

"செவ்வாக்கெழம எங்க முதுகும்தான். அடுத்த செவ்வாயிலருந்து நீ லீவு போட்டுட்டு வந்து சிலிண்டர உருட்டற. மாசத்துல எல்லா செவ்வாயும்."

"நான் துப்பறிவாளன்மா," என்றார் தசரதன்.

"கொடத்துல இன்னா ஓட்டை கீதுன்னு துப்பறிங்க சார். போங்க."

அவர்கள் போனார்கள். தசரதன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வினோலியா வீட்டுக்குள் வந்தாள். மேக்ஸ்வெல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் குழாயை எடுத்து அவர் மூக்கில் சரியாக மாட்டிவிட்டாள். முள்ளைப் பார்த்தாள். காற்று நிறைய இருந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"டாடி, ஒண்ணு கேக்கறேன். வேன் உள்ள வர முடியாம நின்னுதே, அன்னிக்கு இந்தச் சாவி எங்க இருந்துச்சு?"

மேக்ஸ்வெல்லின் நுனியில்லாத விரல்கள் தலையணையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. சாவி அன்றைக்கு, அந்த நாற்பது நிமிஷமும், அவர் தலையணைக்கு அடியில் இருந்தது.